தோட்டத்து ஓடையில் மின்சாரம்: பங்குனித் தண்ணீரை அளப்பது முதல் பேரிங் மாற்றுவது வரை

மலைத்தோட்டத்தில் ஓடை இருந்தால் அதில் மின்சாரம் எடுக்கலாமே என்ற ஆசை ஐப்பசி மழையில்தான் பிறக்கும். அப்போது ஓடை முழங்கால் அளவு ஓடும். அந்தத் தண்ணீரை நம்பி டர்பைன் வாங்கியவர்கள் மாசியில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். இந்த வேலை பங்குனியில் அளப்பதில் தொடங்கி, பைப் வாங்குவதில் நடந்து, டர்பைனில் முடிய வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பணம் வீணாவதும் அதனால்தான்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற பழனி மலையின் கீழ்மலைப் பகுதி, கொல்லிமலை, ஏற்காடு, கூடலூர், வால்பாறை ஆகிய இடங்களில் காப்பி, மிளகு, வாழை, ஆரஞ்சு வைத்திருக்கும் குடும்பத் தோட்டங்களை மனதில் வைத்து எழுதியது இது. இங்கெல்லாம் தண்ணீர் குறைவு, சரிவு அதிகம். அதற்கேற்ற அமைப்பு சமவெளி வாய்க்காலுக்குப் பொருந்தாது.

இடம் தேறுமா?

இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று வரத்து: நொடிக்கு எத்தனை லிட்டர். இன்னொன்று இறக்கம்: தண்ணீர் எடுக்கும் இடத்துக்கும் டர்பைனுக்கும் உள்ள உயர வித்தியாசம், மீட்டரில். இரண்டையும் பெருக்கி, வருவதை 5-ஆல் பெருக்கினால் கையில் கிடைக்கக்கூடிய வாட் தெரியும். இயற்பியல் கணக்குப்படி 9.81-ஆல் பெருக்க வேண்டும். பைப் உராய்வு, டர்பைன், ஜெனரேட்டர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்தபின் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும் என்பதால் 5.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே கணக்கைப் பின்தொடர்வோம். இறக்கம் 30 மீட்டர். மழைக்காலத்தில் எடுக்கக்கூடிய தண்ணீர் நொடிக்கு 6 லிட்டர். 6 × 30 × 5 = 900 வாட். சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் 24 மணி நேரமும் ஓடினால் நாளொன்றுக்கு 21 யூனிட்டுக்கு மேல். ஒரு கிலோவாட் சோலார் நம் ஊர் வெயிலில் நாளுக்கு நான்கைந்து யூனிட்தான் தரும். மேகம் கவிந்த மழை நாட்களில் அதுவும் கிடையாது.

வரத்தையும் இறக்கத்தையும் பெருக்கி வரும் எண் கோடையில் 40-க்குக் கீழே போனால், அதாவது 200 வாட்கூடத் தேறாது என்றால், சோலாருக்குப் போய்விடுவது நல்லது. இறக்கம் 3 மீட்டருக்கும் குறைவு என்றாலும் அப்படியே. குறைந்த இறக்கத்தில் நிறைய தண்ணீரை வைத்து எடுக்கும் அமைப்பு, கட்டுமானச் செலவிலேயே ஒரு குடும்பத்தைச் சாய்த்துவிடும்.

வரத்தை அளப்பது

அளக்க வேண்டிய காலம் மாசி, பங்குனி. கோடை மழை விழுவதற்கு முன்பு, கடைசி மழை பெய்து மூன்று வாரமாவது ஆனபின். கீழ்மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். கூடலூர், வால்பாறைக்குத் தென்மேற்கு. ஆனால் இரண்டு பக்கமும் ஓடை மெலிவது இந்த மாதங்களில்தான்.

மிகச் சிறிய ஓடையென்றால் வாளி போதும். தண்ணீர் முழுவதையும் ஒரு வாழைமட்டை அல்லது பைப் வழியே குவித்து, 15 லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று ஐந்து முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். மூன்று நொடிக்குள் நிறைந்தால் வாளிக் கணக்கு நம்பகமில்லை. 200 லிட்டர் டிரம் வைக்கலாம், அல்லது வெட்டுப்பலகை வைக்கலாம்.

வெட்டுப்பலகை என்பது ஓடையின் குறுக்கே மண்ணும் பிளாஸ்டிக் தாளும் வைத்துக் கசியாமல் நிறுத்தும் ஒரு பலகை அல்லது தகரம். நடுவே சரியாக 90 பாகைக்கு, ஆங்கில 'V' எழுத்தைப் போல நேர்க்கோடுகளாக, கீழே கூராக ஒரு வெட்டு. தண்ணீர் முழுவதும் அந்த வெட்டு வழியாகவே விழ வேண்டும். விழும் தண்ணீருக்கு அடியில் காற்று இருக்க வேண்டும். பலகையிலிருந்து ஒரு மீட்டர் மேலே, தண்ணீர் அமைதியாக நிற்கும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு, வெட்டின் கூர்முனை மட்டத்திலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்க்கவும். 5 செ.மீ. என்றால் நொடிக்கு 0.8 லிட்டர். 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர். 15 செ.மீ. என்றால் 12 லிட்டர். 20 செ.மீ. என்றால் 25 லிட்டர். பலகையின் ஓரத்திலேயே அளக்கக் கூடாது. அங்கே நீர்மட்டம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும், கணக்கு குறைத்துக் காட்டும்.

பலகையை எடுத்துவிடாமல் ஒரு வருடம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை குறித்து வருவது இந்தத் திட்டத்திலேயே மலிவான, மிகப் பயனுள்ள வேலை. நம் கணக்குத் தோட்டத்தில் பங்குனியில் 8.8 செ.மீ. நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்: நொடிக்கு 3.2 லிட்டர். அதை முழுதாக எடுக்கக் கூடாது. எடுக்கும் இடத்துக்கும் திருப்பிவிடும் இடத்துக்கும் நடுவே ஓடை காய்ந்தால் மீன், தவளை, கரையோர மரங்கள் எல்லாம் பாதிக்கப்படும். கீழே இருப்பவர் குடிக்கும் ஊற்றும் அந்த ஈரத்தை நம்பியிருக்கலாம். மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டால் நமக்கு 2.1 லிட்டர். கோடையில் நம் மின்சாரம் அவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டு மேலே போகலாம்.

இறக்கத்தை அளப்பது

கைப்பேசி காட்டும் உயரத்தை நம்பவே கூடாது; பத்து மீட்டர் தவறு சாதாரணம். கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி, இருவர் ஆளுக்கொரு அளவுக்கோலுடன் மேலிருந்து படிப்படியாக இறங்கினால் சில செ.மீ. துல்லியம் கிடைக்கும். காற்றுக் குமிழ் டியூபில் இருந்தால் அளவு பொய்யாகும்.

இதைவிட எளிது: தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஓஸ் பைப்பை மேலிருந்து கீழ்வரை இழுத்து, நிரப்பி, கீழ்முனையில் பிரஷர் கேஜ் மாட்டுவது. ஒரு கிலோ அழுத்தம் என்றால் 10 மீட்டர் இறக்கம். 3 கிலோ காட்டினால் 30 மீட்டர். தண்ணீர் ஓடாமல் நிற்கும்போதுதான் படிக்க வேண்டும். இந்தக் கேஜைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் வேண்டும்.

கட்டுமுன் கேட்க வேண்டியவை

ஓடை உங்கள் பட்டா நிலத்தின் நடுவே ஓடினாலும், புலப்படத்தில் அது ஓடைப் புறம்போக்காகக் குறிக்கப்பட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளவும். அப்படியானால் சிமெண்ட் தடுப்பு கட்டுவதற்கு வருவாய்த் துறையிடம் கேட்க வேண்டும். வனத்தை ஒட்டிய நிலமென்றால் வனத்துறையிடமும். கீழே தண்ணீர் எடுக்கும் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தண்ணீர் குறையப் போவதில்லை, நூறு மீட்டர் தள்ளித் திரும்பி வரும் என்பதைப் பைப்பைப் பார்த்தபின் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

தடுப்பும் தொட்டியும்

இந்த அமைப்புகளில் தினசரித் தொல்லை முழுவதும் மேலே, தண்ணீர் எடுக்கும் இடத்தில்தான். இலை, சுள்ளி, மணல். டர்பைன் பழுதென்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி சல்லடை அடைப்பு.

தடுப்பு பெரிதாக வேண்டாம். பாறை தெரியும் இடமாகப் பார்த்து, அரை மீட்டர் உயரத்துக்குக் கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டினால் போதும். மண்ணின் மேல் கட்டினால் முதல் பெருமழையில் அடியில் அரித்துப் போய்விடும். தடுப்பின் நடுவே தாழ்வான ஒரு வாய் விட்டு, ஓடைக்கு விட வேண்டிய பங்கு முதலில் அதன் வழியே போய், மிச்சம் நமக்கு வரும்படி மட்டம் வைக்கவும். வறட்சியில் நம் ஆசை ஓடையின் பங்கைத் தொடாமல் இருக்க இது ஒன்றே வழி.

தடுப்பின் முதுகில் சாய்வாகப் பதிக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிச் சல்லடை மிகச் சிறந்தது. கம்பிகள் ஓட்டத்துக்குக் குறுக்காக, ஒரு மி.மீ. இடைவெளியில் இருக்கும். தண்ணீர் உள்ளே இறங்க, இலையும் சுள்ளியும் மேலேயே வழுக்கிக் கீழே போய்விடும். விலை அதிகம். அது கட்டுப்படியாகாதென்றால் துளையிட்ட ஸ்டெயின்லெஸ் தகடு, துளை 3 மி.மீ.க்கு மிகாமல். டர்பைன் சக்கரத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சும் குழல்வாய்தான் நாசில்; நமது சிறிய நாசில் 11 மி.மீ. வரப்போகிறது, அதில் மூன்றில் ஒரு பங்கைவிடப் பெரிய எதுவும் உள்ளே போகக் கூடாது. கொசுவலை, சாக்கு, கோழிவலை எல்லாம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

அடுத்து மணல் படியும் தொட்டி. 6 லிட்டர் வரத்துக்கு உள்ளளவு 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 90 செ.மீ. ஆழம். தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் பைப்புக்குப் போக வேண்டும். பைப்பின் வாய் தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் இருந்தால் மணல் கீழே தங்கும். வாய்க்கு மேலே 40 செ.மீ. தண்ணீராவது நிற்க வேண்டும். இல்லையென்றால் சுழல் விழுந்து காற்றை உறிஞ்சும், கீழே டர்பைன் இருமும். தொட்டியின் அடியில் 75 மி.மீ. மண் வெளியேற்றும் பைப்பும் மூடியும் வைத்து, பெருமழைக்குப்பின் திறந்துவிட்டால் படிந்தது முழுக்க அடித்துக்கொண்டு போகும். ஒரு பக்கச் சுவரில் வழிந்தோடும் வாய் கட்டாயம். அந்த வழிசல் மண்ணை அரிக்காமல் ஓடைக்கே போகக் கல் பாவவும்.

பைப் தொட்டியை விட்டு வெளியே வந்தவுடன் ஒரு கேட் வால்வு, அதையடுத்து மேல்நோக்கி 32 மி.மீ. பைப் ஒன்று தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே தலை நீட்டித் திறந்தபடி நிற்க வேண்டும். இது காற்றுக்குழல். சல்லடை அடைத்தாலோ வால்வை மூடினாலோ பைப்பில் உள்ள தண்ணீர் கீழே ஓடிக்கொண்டே இருக்கும், மேலே வெற்றிடம் உண்டாகும், மெல்லிய பிவிசி பைப் தட்டையாக நசுங்கிவிடும். ஒரு துண்டுப் பைப் இருபது லென்த் பைப்பைக் காப்பாற்றுகிறது.

பைப்: பணம் போகும் இடம்

நம் தோட்டத்தில் பைப் நீளம் 120 மீட்டர் என்று கொள்வோம், 6 மீட்டர் லென்த் இருபது. நொடிக்கு 6 லிட்டர் ஓடும்போது உராய்வில் இழக்கும் இறக்கம் இப்படி வரும். 63 மி.மீ. பைப்பில் ஏறக்குறைய 9.6 மீட்டர். 75-இல் 3.9. 90-இல் 1.7. 110-இல் 0.6. முப்பது மீட்டரில் ஒன்பதரை மீட்டரைப் பைப்பே தின்னுகிறது என்றால் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போகிறது, அதுவும் ஒவ்வொரு நாளும். கடைக்காரர் 63 போதும் என்பார். சொட்டுநீருக்கு அது போதும், இதற்குப் போதாது. பத்து சதவீதத்துக்குமேல் உராய்வில் இழக்காத அளவுதான் நமக்கு வேண்டியது. 90 மி.மீ. சரி. நீளம் 200 மீட்டருக்கு மேல் போனால் 110 எடுக்கலாம்.

அழுத்த வகுப்பு அடுத்தது. 30 மீட்டருக்கு 4 கிலோ பைப் தாங்குமே என்று தோன்றும். தண்ணீர் நின்றால் தாங்கும். ஓடும் தண்ணீரைத் திடீரென நிறுத்தினால் தாங்காது. 90 மி.மீ. பைப்பில் தண்ணீர் நொடிக்கு 1.1 மீட்டர் வேகத்தில் போகிறது. பந்து வால்வை அரை நொடியில் சட்டென்று மூடினால், அந்த 700 கிலோ தண்ணீர் முட்டும் அதிர்ச்சி 45 மீட்டர் இறக்கத்துக்குச் சமம். முப்பதோடு சேர்த்து 75 மீட்டர், ஏழரை கிலோ. எனவே 6 கிலோ பைப், கீழ்முனையில் பந்து வால்வுக்குப் பதில் சக்கரம் திருகி மெதுவாக மூடும் கேட் வால்வு. கடைசி ஐந்தாறு லென்த் மட்டும் 10 கிலோவில் வாங்கினால் இன்னும் நிம்மதி.

பைப் பதிக்கும் பாதை எங்கும் மேடேறி இறங்கக் கூடாது. ஒரு சின்ன மேடு போதும், காற்று அங்கே தங்கி ஓட்டத்தைக் குறைக்கும். எத்தனை தேடினாலும் காரணம் பிடிபடாது. தவிர்க்க முடியாத மேடானால் அதன் உச்சியில் காற்று விடும் வால்வு. அரை மீட்டர் ஆழத்தில் புதைப்பதே நல்லது. வெயிலில் பிவிசி நாளடைவில் நொறுங்கும். காட்டுப்பன்றி கிளறும், காட்டுமாடு மிதிக்கும். யானை வழித்தடத்தில் இருந்தால் புதைக்காத பைப் நிலைக்காது.

ஒவ்வொரு வளைவையும் கான்கிரீட்டில் பிடித்து நிறுத்த வேண்டும். 3 கிலோ அழுத்தத்தில் 90 மி.மீ. பைப்பின் 45 பாகை வளைவு சுமார் 150 கிலோ விசையோடு வெளியே தள்ளும். மூடிய வால்வின் மேல் 190 கிலோ. இரண்டடிக்கு இரண்டடி, ஒன்றரை அடி உயரக் கான்கிரீட் கட்டி ஒன்று நானூறு கிலோ வரும். வளைவுக்கு ஒன்று போதும். சொல்யூஷன் ஒட்டியபின் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விடக் கூடாது.

டர்பைன்

இவ்வளவு இறக்கத்துக்கும் இவ்வளவு குறைந்த தண்ணீருக்கும் பெல்டன் சக்கரம்தான். சக்கரத்தின் விளிம்பில் இரட்டைக் கிண்ணங்கள். நாசிலிலிருந்து பாயும் தண்ணீர் கிண்ணத்தின் நடு முதுகில் பிளந்து இரு பக்கமும் திரும்பி விழும். நீலகிரியில் 1932-இல் ஓடத் தொடங்கிய பைக்காரா நிலையத்தில் சுழன்றதும் இதே வகை. அளவுதான் வேறு, கொள்கை ஒன்று. நேபாள மலைக்கிராமங்களில் பெல்டன் சக்கரத்தையும் மோட்டாரையும் ஒன்றாகப் பொருத்திய 'பெல்ட்ரிக் செட்' பல காலமாக ஓடுகிறது. கர்நாடக மலைநாட்டுக் காப்பி, பாக்குத் தோட்டங்களிலும் வீட்டளவு டர்பைன்கள் பழகிப்போனவை.

தண்ணீர் பம்பைத் தலைகீழாக ஓட்டி டர்பைனாகப் பயன்படுத்தலாம் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், மலிவும்கூட. ஆனால் அது ஒரே அளவு தண்ணீரில்தான் ஒழுங்காக ஓடும். வரத்து பாதியானால் ஏறக்குறைய நின்றே போகும். வருடம் முழுக்க ஒரே சீராக வரும் ஊற்றோடைக்கு மட்டும் அதை யோசிக்கலாம். நம் ஓடைகள் கோடையில் மூன்றில் ஒன்றாக மெலிபவை. வெல்டிங் பட்டறையில் கரண்டிகளை ஒட்டித் தயாரிக்கும் சக்கரமும் வேண்டாம். வார்த்த வெண்கலமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் மணலையும் வேகத்தையும் தாங்கும்.

நாசில் கணக்கு இதன் உயிர். உராய்வு, வளைவு இழப்பு போக 28 மீட்டர் நிகர இறக்கம். நாசிலிலிருந்து தண்ணீர் நொடிக்கு 22.7 மீட்டர் வேகத்தில் பாயும். ஒற்றை நாசிலென்றால் 18 மி.மீ. துளை வேண்டும். அப்படிச் செய்யாமல் 11 மி.மீ. ஒன்று, 15 மி.மீ. ஒன்று என இரண்டு வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு போடவும். சிறியது மட்டும் திறந்தால் 2.1 லிட்டர். பெரியது மட்டும் 4 லிட்டர். இரண்டும் சேர்ந்து 6 லிட்டருக்குச் சற்று மேல். கோடை, இடைக்காலம், மழை என மூன்று பருவத்துக்கும் மூன்று நிலை. வால்வைப் பாதி மூடி ஓட்டுவது தவறு; அழுத்தம் வால்விலேயே செத்துப்போகும், தண்ணீர் சிதறிப் பாயும். வால்வு முழுதும் திறந்திருக்க வேண்டும், இல்லை முழுதும் மூடியிருக்க வேண்டும்.

கிண்ணத்தின் வேகம் தண்ணீர் பாயும் வேகத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போதுதான் சக்தி முழுதாக இறங்கும். சக்கரத்தில் தண்ணீர் படும் வட்டத்தின் விட்டத்தை இப்படிக் கணக்கிடலாம்: நிகர இறக்கத்தின் வர்க்கமூலத்தை 37.5-ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றால் வகுக்க, மீட்டரில் வரும். 28-இன் வர்க்கமூலம் 5.29. நிமிடத்துக்கு 1,500 சுற்றென்றால் 0.132 மீட்டர், அதாவது 132 மி.மீ. நாசில் துளை இந்த விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்க வேண்டும், 15 மி.மீ. எல்லையில் நிற்கிறது, 18 தாண்டிவிடும். இரண்டு நாசில் வைப்பதற்கு இது இரண்டாவது காரணம். 750 சுற்றில் முழுத்திறன் தரும் ஜெனரேட்டர் கிடைத்தால் விட்டம் 265 மி.மீ. ஆகும், சத்தமும் தேய்மானமும் குறையும்.

நாசிலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நுழையும்படி கீல் வைத்த ஒரு தடித்த தகடு பொருத்துங்கள். அவசரமென்றால் கைப்பிடியை இழுத்தால் தகடு குறுக்கே வந்து தண்ணீரைத் திருப்பிவிடும், சக்கரம் நின்றுவிடும், பைப்புக்கு எந்த அதிர்ச்சியும் இல்லை.

டர்பைன் அறை ஐந்தடிக்கு ஐந்தடி போதும். எங்கே என்பதுதான் முக்கியம்: இதுவரை கண்ட பெருவெள்ளக் குறிக்கு மேலே. இரண்டு மீட்டர் இறக்கத்தைத் தியாகம் செய்தால் ஏழு சதவீத மின்சாரம் குறையும். செய்யாவிட்டால் ஒருநாள் எல்லாமே போகும். சக்கரத்தின் அடிவிளிம்பு, வெளியேறும் தண்ணீரின் மட்டத்துக்கு 30 செ.மீ. மேலே இருக்கட்டும். தண்ணீர் தேங்கிச் சக்கரத்தைத் தொட்டால் வேகம் அப்படியே விழும்.

ஜெனரேட்டர்: இரண்டு வழி

மின்சாரம் வருடம் முழுக்க ஒரு கிலோவாட்டுக்குக் குறையாமல் கிடைக்குமென்றால், சாதாரண மூன்று பேஸ் மோட்டாரையே ஜெனரேட்டராக ஓட்டி நேரே 230 வோல்ட் எடுக்கலாம். பேட்டரி வேண்டாம். பெயர்ப்பலகையில் 415 வோல்ட் ஸ்டார் என்று இருக்கும் 3 எச்.பி., நான்கு துருவ (போல்) மோட்டாரின் மூன்று கம்பிச் சுற்றுகளையும் ஸ்டார் இணைப்பிலிருந்து டெல்டா இணைப்புக்கு மாற்றிக் கட்டினால் 240 வோல்ட் ஆகும். காந்தம் ஊட்ட கெப்பாசிட்டர் வேண்டும். பளுவில்லாமல் மோட்டாராக ஓடும்போது ஒவ்வொரு கம்பிச் சுற்றும் இழுக்கும் ஆம்பியரை 13-ஆல் பெருக்கினால் ஒரு பங்கு மைக்ரோஃபாரட் வரும், 2.3 ஆம்பியர் என்றால் 30. வீட்டுக்குப் போகும் சுற்றின் குறுக்கே ஒரு பங்கு, அடுத்த சுற்றின் குறுக்கே இரண்டு பங்கு, மூன்றாவது வெறுமனே. இரண்டு பங்கைத் தவறான சுற்றில் மாட்டினால் மோட்டார் அதிரும், சூடேறும். உடனே நிறுத்தி அதை மற்றச் சுற்றுக்கு மாற்ற வேண்டும். மோட்டார் ஓடும்போது பயன்படும் 440 வோல்ட் ரன்னிங் கெப்பாசிட்டர்தான் வேண்டும். ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் சில நிமிடங்களில் வெடிக்கும். இதோடு, வீட்டில் எவ்வளவு செலவானாலும் மிச்சத்தை ஹீட்டரில் எரித்து மொத்தப் பளுவை மாறாமல் வைக்கும் எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் கட்டாயம். அது இல்லாமல் ஒருவர் இஸ்திரிப் பெட்டியை அணைத்தால் வீட்டு பல்புகள் எல்லாம் போய்விடும்.

நம் கணக்குத் தோட்டத்துக்கு இந்த வழி ஒத்துவராது. 5-ஆல் பெருக்கிய தோராயக் கணக்கைவிடச் சற்றுக் குறைத்தே வைத்தால், மழைக்காலத்தில் 850 வாட். பங்குனியில் 250 வாட். அவ்வளவு பெரிய மோட்டார் தன் காந்தத்துக்கும் சூட்டுக்குமே கிட்டத்தட்ட அந்த 250-ஐ எடுத்துக்கொள்ளும். ஏற்ற இறக்கம் உள்ள ஓடைக்கு நிரந்தரக் காந்த ஜெனரேட்டரும் 48 வோல்ட் பேட்டரியும் இன்வெர்ட்டரும்தான் பொருத்தம். 250 வாட் நாள் முழுக்க என்றால் 6 யூனிட். விளக்கு, ஃபிரிட்ஜ், டிவி, மிக்ஸி எல்லாம் அதில் அடங்கும். மிக்ஸியும் ஃபிரிட்ஜும் கிளம்பும்போது கேட்கும் உச்சத்தை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். கார் ஆல்ட்டர்னேட்டர் வேண்டாம்: தன் காந்தத்துக்கே மின்சாரம் தின்னும், கார்பன் பிரஷ் விரைவில் தேயும், இரவு பகலாக ஓடச் செய்யப்பட்டதல்ல.

தண்ணீர் இரவிலும் ஓடுவதால் சோலாருக்கு வைப்பதுபோல் பெரிய பேட்டரி தேவையில்லை. 150 ஏ.எச். டியூபுலர் நான்கு தொடராக, அல்லது 48 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம் ஒன்று. பின்னால் முடிந்தால் இரண்டு சோலார் பேனலும் சேர்க்கலாம். ஓடை மெலியும் மாதங்களில்தான் வெயில் காய்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்.

வயரும் மிச்ச மின்சாரமும்

டர்பைனிலிருந்து வீடு 150 மீட்டர் என்றால் போக வர 300 மீட்டர் வயர். 48 வோல்ட்டிலேயே 850 வாட்டை அனுப்பினால் 18 ஆம்பியர். 6 சதுர மி.மீ. செம்பு வயரிலும் 16 வோல்ட் வழியிலேயே போகும், மூன்றில் ஒரு பங்கு. 110 வோல்ட்டில் அனுப்பி, வீட்டில் எம்பிபிடி கன்ட்ரோலரால் (வரும் வோல்ட்டேஜைப் பேட்டரிக்கேற்ப மாற்றிச் சார்ஜ் செய்யும் கருவி) 48-க்கு இறக்கினால் இழப்பு 7 வோல்ட்தான்.

இங்கே ஓர் ஆபத்து. பளு விலகினால் பெல்டன் சக்கரம் ஏறக்குறைய இரட்டை வேகத்தில் ஓடும், வோல்ட்டேஜும் இரட்டிக்கும். 150 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலர் நொடியில் போய்விடும். எனவே 110 வோல்ட் அமைப்புக்கு 250 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலர். 150-தான் கிடைக்கிறது என்றால் ஓடும் வோல்ட்டேஜ் 65-ஐத் தாண்டாத ஜெனரேட்டர். ஜெனரேட்டரும் அந்த இரட்டை வேகத்தைத் தாங்குவதாக இருக்க வேண்டும்.

பேட்டரி நிறைந்தபின் மின்சாரம் எங்காவது போயாக வேண்டும். வெந்நீர்த் தொட்டிதான் நல்ல இடம். மலைக்குளிரில் அதற்கு எப்போதும் வேலையுண்டு. பலரும் செய்யும் தவறு, கடையில் வாங்கிய 230 வோல்ட் 1,000 வாட் ஹீட்டரைப் பேட்டரிப் பக்கம் மாட்டுவது. 57 வோல்ட்டில் அது 60 வாட்தான் இழுக்கும், ஒன்றுக்கும் உதவாது. 48 வோல்ட்டுக்கென்றே செய்த, 3.3 ஓம் உள்ள ஹீட்டர் வேண்டும். தொட்டியில் தண்ணீர் வற்றினால் ஹீட்டர் எரியும் என்பதால் அந்தத் தொட்டியும் ஓடைத் தண்ணீரால் தானே நிறையட்டும்.

மலையில் இடி அதிகம். இரண்டு முனையிலும் இடி தாங்கிச் சாதனமும் நல்ல எர்த்தும் போடவும். வீட்டுப் பக்கம், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. மின்வாரிய இணைப்பும் இருந்தால், இரண்டும் ஒருபோதும் சேராதபடி நடுவே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைக்க வேண்டும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிர் அதில் இருக்கிறது.

ஓட விடும் நாள்

நாசில்களைக் கழற்றிவிட்டு, மேல் வால்வைக் கால்வாசி திறந்து, பைப்பை மெதுவாக நிரப்பி அரை மணி நேரம் தண்ணீரை ஓடவிடவும். பைப்பில் கிடக்கும் சீவல், மண், பதிக்கும்போது நுழைந்த தவளை எல்லாம் வெளியே வரும். பிறகு கீழ் வால்வை மூடி ஒரு நாள் அப்படியே நிறுத்தி, ஒவ்வொரு மூட்டையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். குழியை மூடுவது அதற்குப் பிறகுதான்.

பழைய பிரஷர் கேஜை இப்போது நாசிலுக்குச் சற்று முன்னால் நிரந்தரமாக மாட்டவும். நிற்கும்போது 3 கிலோ, இரண்டு நாசிலும் ஓடும்போது 2.8, சிறியது மட்டும் ஓடும்போது 3-க்கு மிக அருகில். இந்த எண்களைப் பெயிண்டால் சுவரில் எழுதிவிடுங்கள். முதலில் பளுவை இணைத்துவிட்டுத்தான் சிறிய நாசிலைத் திறக்க வேண்டும், பளு இல்லாமல் ஒருபோதும் கூடாது.

எது எப்போது கெடும்

மின்சாரம் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கேஜ். அழுத்தம் குறைந்து முள் ஆடினால் மேலே சல்லடை அடைத்திருக்கிறது, பைப்பில் காற்று போகிறது. அழுத்தம் வழக்கத்தைவிட ஏறி 3 கிலோவை நெருங்கி, மின்சாரம் மட்டும் குறைந்திருந்தால் நாசிலில் கல்லோ குச்சியோ சிக்கியிருக்கிறது. அழுத்தம் இருக்க வேண்டிய அளவிலேயே இருந்து மின்சாரம் குறைந்தால் டர்பைன், ஜெனரேட்டர், வயர் பக்கம் பார்க்க வேண்டும்: சக்கரத்தைத் தொடும் தேங்கிய நீர், தளர்ந்த இணைப்பு, மூன்று பேஸில் ஒன்று அறுந்திருப்பது. ஒரு பேஸ் போனால் ஜெனரேட்டர் உறுமும், காதுக்கே தெரியும். சல்லடை அடைத்திருக்கிறதா என்று தெரியாமல் தினம் மலையேறிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கேஜ் கீழேயே சொல்லிவிடும்.

மழைக்காலத்தில் சல்லடையைத் தினம் ஒருமுறை துடைக்க வேண்டும், இலை உதிரும் மாசியிலும் அப்படியே. கலங்கல் வெள்ளம் வரும் நாளில் டர்பைனை நிறுத்திவிடுங்கள். ஒரு நாள் மின்சாரத்துக்காக மணல்நீரை விட்டால் நாசில் விளிம்பு தேய்ந்து தண்ணீர் சிதறும், கிண்ணத்தின் நடு முதுகு மழுங்கும். அந்த முதுகு கத்திபோல் கூராக இருக்கும்வரை சக்கரம் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

வருடத்தில் 8,760 மணி நேரம் ஓடும் இயந்திரம் இது. ஒரு வருடம் நன்றாக ஓடிய பேரிங் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். இருந்தாலும் பங்குனியில், தண்ணீர் மெலிந்திருக்கும் ஒரு பகலில் நிறுத்தி, இரண்டு பேரிங்கையும் தண்ணீர் சீலையும் மாற்றிவிடுங்கள். பேரிங்கின் எண்ணை வாங்கும்போதே குறித்து, ஒரு ஜோடி, ஒரு சீல், இரண்டு நாசில், ஜெனரேட்டரின் ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் ரெக்டிஃபையர் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். அதே பகலில் வெட்டுப்பலகையிலும் அளவு எடுத்துக் குறித்துவிடலாம்.